விறகு அறுக்க 62 சி.சி. மெஷின் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கமுதிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவன். சீமைக் கருவேல முள்ளை ஏக்கர் கணக்கில் பேசி எடுத்து, நானும் நாலு ஆட்களுமாக வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். மெஷின் ரம்பம் (பெட்ரோலில் ஓடுகிற செயின் ரம்பம்) பிடித்துப் பதினாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் கோடாரியும் வெட்டரிவாளும்தான். பத்திரிகைக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வாரம் ஒரு சாயங்காலம் மூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊர்த் தம்பி ஒருவன் வந்தான். உங்கள் பேப்பரில் வந்த ஒரு மெஷின் ரம்ப விளம்பரத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். "அண்ணே, 62 சி.சி.யாம், 22 இஞ்ச் பாராம், எட்டாயிரத்துச் சொச்சம்தான் சொல்றாங்க. வாங்கிறலாமா?" என்று கேட்டான். பார் என்பது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு. வீட்டுக்காரியின் தோட்டை அடகு வைத்துப் பணத்தோடு வந்திருக்கிறான்.

"எந்த மரத்தை அறுக்கப் போறே?" என்றேன். "நம்ம கருவைதாண்ணே." "எவ்வளவு மொத்தம் இருக்கும்?" தன் கெண்டைக்காலைக் காட்டினான். கொஞ்சம் யோசித்து, அப்புறம் தொடையைக் காட்டினான்.

தொடை மொத்தக் கட்டையை அறுக்க 62 சி.சி. எதற்கு? அந்தத் தம்பியிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அவன் ஒருவனிடம் மட்டும் சொன்னால் போதாது என்று தோன்றியதால் உங்களுக்கு எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்திலும் சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கமும் முள் வெட்டிப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. பாதிப் பேர் கடன் வாங்கித்தான் மெஷின் எடுக்கிறார்கள்.

சி.சி. என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உள்கொள்ளளவு அது, அவ்வளவுதான். விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, அதை 0.7854 ஆல் பெருக்கி, பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரத்தால் பெருக்கினால் வந்துவிடும். எல்லா அளவும் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வேலை பார்த்த ஒருவர் 62 சி.சி. என்று எழுதிய மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். ஐந்து மாதத்தில் பிஸ்டன் கோடு விழுந்து நின்றுவிட்டது. மெக்கானிக் பிரித்துப் போட்டதும் அவரிடம் வெர்னியர் அளவுகோலை வாங்கி நானே அளந்தேன். விட்டம் 45.2 மில்லிமீட்டர், பிஸ்டன் போகிற தூரம் (ஸ்ட்ரோக்) 34 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 54 அரை சி.சி.தான் வந்தது. அட்டைப்பெட்டியில் 62, மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் 62, உள்ளே 54. அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இப்படி எழுதி விற்கிற கடை அது ஒன்றுதான் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது: 2.4 கிலோவாட். கவனிக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். நான் இப்போது வைத்திருக்கும் ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 250 வெறும் 45.4 சி.சி. அதன் பலம் 2.3 கிலோவாட். பார், செயின் இல்லாமல் எடை 4.6 கிலோ. ஒன்றில் 62 என்று பெரிதாக எழுதியிருக்கிறது, இன்னொன்றில் 45 என்று எழுதியிருக்கிறது. இழுக்கிற பலம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கையில் தூக்குகிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

எடையைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. பெட்டியில் போடுகிற எடை, பாரும் செயினும் பெட்ரோலும் இல்லாத வெறும் மெஷினின் எடை. எல்லாம் மாட்டி, பெட்ரோலும் செயின் ஆயிலும் ஊற்றினால் என் மெஷின் 6 கிலோ வரும். 22 இஞ்ச் பார் போட்ட பெரிய மெஷின் ஏழரை, எட்டு கிலோவைத் தொடும். ஒன்றரை, இரண்டு கிலோ ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். காலை ஆறரைக்குக் குனிந்தால் வெயில் ஏறுகிற வரைக்கும் குனிந்தபடி அந்த மெஷினைக் கையில் பிடிக்க வேண்டும். பதினோரு மணிக்குக் கை நடுங்க ஆரம்பிக்கும். விபத்து நடப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

சீமைக் கருவேலை வெட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அது வேம்பு மாதிரி ஒற்றைத் தண்டாக நிற்கிற மரம் இல்லை. ஒருதரம் வெட்டிய தூரிலிருந்து ஐந்தாறு கிளை, சில இடத்தில் பத்துக் கிளைகூட வெடித்துக் கிளம்பி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் கை மொத்தம், கெண்டைக்கால் மொத்தம் இருக்கும். ரொம்ப வருஷமாக வெட்டாத புதரில் தொடை மொத்தம் வரும். முதலில் அரிவாளால் முள்சிம்பைக் கழித்து, ஆள் உள்ளே போக வழி பண்ண வேண்டும். அப்புறம் ஒரு முழங்காலை ஊன்றி, தரையிலிருந்து அரையடி உயரத்தில் பாரை நுழைக்க வேண்டும்.

இந்த இடத்தில் 22 இஞ்ச் பாரைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? நாம் அறுக்கிற கிளை 6 இஞ்ச்தான். மிச்சம் 16 இஞ்ச் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு போகும். முன்னால் இருக்கிற கிளை மறைப்பதால் பின்னால் இருக்கிற கிளை நம் கண்ணுக்குத் தெரியாது. பாரின் மூக்கு அதில் போய் இடிக்கும். மூக்கின் மேல்பாதி கட்டையில் பட்டுவிட்டால், ஓடுகிற செயின் கட்டையைக் கடிக்க முடியாமல் பாரையே பின்னுக்குத் தள்ளும். மெஷின் ஒரு கண்சிமிட்டில் நம் முகத்தைப் பார்த்துத் தூக்கி அடிக்கும்.

2014ல் என்னை அடித்தது. அப்போது நானும் பெரிய மெஷின் மேல் ஆசைப்பட்டு 20 இஞ்ச் பார் வைத்திருந்தேன். இடது முன்கையில், முழங்கைக்குக் கீழே, 11 தையல். மெஷின் தூக்கியபோது முன்னால் இருக்கிற மறைப்பு என் மணிக்கட்டில் பட்டு, செயின் பிரேக் விழுந்து, செயின் நின்றது. அதனால்தான் கை இன்றைக்கும் இருக்கிறது. அந்த மறைப்பு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்கிற ஆட்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஐயா, தயவு செய்து கழற்றாதீர்கள்.

அதன் பிறகு 16 இஞ்ச் பாருக்கு மாறினேன். கருவைக்கு இதுவே போதும். 14 இஞ்ச் போட்டாலும் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

பாருக்கும் இன்ஜினுக்கும் உள்ள கணக்கு ரொம்பச் சிக்கலானது இல்லை. இந்த மெஷின்களில் வருகிற .325 செயினில் (செயின் கண்ணியின் இஞ்ச் அளவு அது) ஒரு வெட்டுப்பல்லுக்கும் அடுத்த வெட்டுப்பல்லுக்கும் இடையே 1.3 இஞ்ச் தூரம். 6 இஞ்ச் கட்டையில் ஒரே நேரத்தில் நாலைந்து பல்தான் கடிக்கும். 20 இஞ்ச் புளியங்கட்டையில் பாரை முழுசாக இறக்கினால் பதினைந்து பல் ஒன்றாகக் கடிக்கும். அத்தனை பல்லையும் வேகம் குறையாமல் இழுத்துக்கொண்டு போகத்தான் பெரிய இன்ஜின் வேண்டும். நாலைந்து பல்லை இழுக்க 45 சி.சி. தாராளம். வீட்டு அடுப்புக்கு வாரத்துக்கு ஒருநாள் சவுக்கோ முருங்கையோ துண்டு போடுகிறவருக்கு 30, 35 சி.சி.யும் 12 அல்லது 14 இஞ்ச் பாரும் போதும். வீட்டுவாசலில் கரண்ட் இருந்தால் 2,000 வாட் மின்சார ரம்பமே நன்றாக அறுக்கும், பெட்ரோல் தொல்லையும் இல்லை.

சின்ன மெஷின் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். என் முதல் மெஷின் 30 சி.சி. விலை குறைவு, எடை குறைவு என்று எடுத்தேன். தோட்டத்தில் கிளை கழிக்கச் செய்த மெஷினை நான் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்திப் பிடித்து மூட்ட விறகுக்கு ஓட்டினேன். செயின் மழுங்கியது தெரியாமல் மேலே இருந்து அமுக்கி அமுக்கி அறுத்தேன். ஒரு கோடை முடிவதற்குள் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொண்டது. தப்பு மெஷின் மேல் இல்லை. தினமும் நாலைந்து மணி நேரம் அறுக்கிறவர் 40க்குக் கீழே போகக் கூடாது. அதே கருவைதான் வேலை என்றால் 50க்கு மேலே போகவும் தேவையில்லை.

பெரிய மெஷினுக்கு உரிய வேலை எது என்பதை நான் கஜா புயலின்போது கண்ணால் பார்த்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரை ஏறியது. நாலைந்து நாள் கழித்து நாங்கள் ஆறு பேர் மெஷின்களோடு பேராவூரணிப் பக்கம் போனோம். இருபது நாளுக்கு மேல் அங்கேயே இருந்தோம். முப்பது வருஷம், நாற்பது வருஷம் வளர்த்த தென்னையெல்லாம் ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்தன. தோப்புக்காரர் ஒருவர் நாங்கள் ஒவ்வொரு மரத்தையும் துண்டு போடும்போது பக்கத்தில் நின்று, இது எந்த வருஷம் நட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

தென்னை ஓரடி மொத்தம்தான். அதற்கு எங்கள் 45 சி.சி.யே போதுமாக இருந்தது. ஆனால் அதன் வெளிப்பக்கம் எலும்பு மாதிரி, உள்ளே சோறு மாதிரி. நார் போய், செயினை இழுக்கிற பல்சக்கரத்தின் (ஸ்பிராக்கெட்) மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். இரண்டு மரத்துக்கு ஒருதரம் மூடியைக் கழற்றித் துடைத்தோம். சாலையோரப் புளியமரங்கள் விழுந்து கிடந்த இடத்தில்தான் எங்கள் மெஷின்கள் திணறின. அடிமரம் மூன்றடிக்கு மேல் மொத்தம், உள்ளே முழுக்க வைரம். அதற்கு 70 சி.சி.யில் 24 இஞ்ச் பார் போட்ட மெஷினை வாடகைக்கு எடுத்து, இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பிடித்தோம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வருஷத்துக்கு ஒரு புளியோ மாமரமோ அறுக்க வேண்டிவந்தால் வாடகைக்கு எடுப்பதுதான் சரி. அந்த ஒரு மரத்துக்காக வருஷம் முழுக்க எட்டு கிலோவைச் சுமப்பானேன்?

மெஷின் அறுக்கவில்லை, இன்னும் பெரிசு வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களின் செயினைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பேன். பத்தில் ஒன்பது பேரிடம் பல் மழுங்கியிருக்கும். கீழே விழுகிற தூளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நல்ல செயின் செதில் செதிலாக, அவல் மாதிரிக் கொட்டும். மழுங்கிய செயின் மாவு மாதிரிக் கொட்டும், கட்டையிலிருந்து புகை வரும். எங்கள் பக்கம் மண்காற்று அடித்து அடித்து, கருவைப் பட்டையின் வெடிப்புக்குள் மணல் ஏறியிருக்கும். அடித்தூரில் அது ரொம்ப அதிகம். பாரை வைப்பதற்கு முன்னால் அரிவாளால் இரண்டு கொத்துக் கொத்திப் பட்டையை உரித்துவிட வேண்டும். இதைச் செய்தால் செயினின் ஆயுசு இரண்டு மடங்காகும் என்பது என் அனுபவம். தரையில் ஒருதரம் பட்டுவிட்டால், புதுச் செயின் என்றாலும் அன்றைக்கு வேலை அவ்வளவுதான், உட்கார்ந்து அரம் போட வேண்டியதுதான்.

.325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். சின்ன மெஷினில் வருகிற, உயரம் குறைந்த லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர். நான் இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு ஒருதரம் அரம் போடுவேன். ஒரு பல்லில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். பல்லின் மேல் இருக்கும் கோட்டுக்கு ஒட்டி, 30 டிகிரி சாய்வில், உள்ளேயிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும், திரும்பி இழுக்கக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். ஒருபக்கம் கூடிக் குறைந்தால் பார் கட்டைக்குள் கோணலாகப் போகும். அரம் போட்டு முடித்து, முதல் கட்டையில் பாரை வைத்ததும் மெஷின் தன் கனத்திலேயே கீழே இறங்கும். அந்தச் சத்தமே வேறு மாதிரி இருக்கும். என் 45 சி.சி. அப்படி இறங்குவதைக் காட்டியதும்தான் அந்தத் தம்பியின் முகம் மாறியது.

இன்னொன்று, வெட்டிய கட்டையை ரொம்ப நாள் காயவிட்டு அறுக்காதீர்கள். காய்ந்த கருவை இரும்பு மாதிரி. பச்சையிலேயே துண்டு போட்டு அப்புறம் காயவைத்தால் மெஷினுக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. பெட்ரோல் கலக்குவதிலும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, சாதா ஆயில் என்றால் 40 மில்லி. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் கேனில் வைத்திருக்கக் கூடாது. ஈரம் இழுத்துக் கார்புரேட்டரைக் கெடுத்துவிடும். ஐப்பசியில் மழை பிடித்து வேலை நின்றதும் நான் டேங்கைக் காலி பண்ணி, மெஷின் தானாக அணைகிற வரைக்கும் ஓடவிட்டுத்தான் எடுத்து வைப்பேன்.

ஆசிரியர் அவர்களே, எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. ஒன்று கடைக்காரர்களுக்கு. சி.சி.யைப் பெரிதாகப் போடுகிற இடத்திலேயே கிலோவாட்டையும், பார் செயினோடு மெஷினின் எடையையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். வருகிறவரிடம் என்ன மரம், எவ்வளவு மொத்தம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். கைலியும் ரப்பர் செருப்புமாக வந்து மெஷின் வாங்கிப் போகிறவருக்கு ஒரு கண்ணாடி, கையுறை, கம்பூட்டாவது சேர்த்துக் கொடுங்கள். அதற்கு விலை போட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று உங்களுக்கு. விளம்பரம் வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது உங்கள் பிழைப்பு. உங்கள் விவசாயப் பக்கத்தில் ஒருநாள் அரைப்பக்கம் இந்த விஷயத்துக்கு ஒதுக்குங்கள். பாரின் மூக்கு எந்த இடத்தில் பட்டால் தூக்கி அடிக்கும் என்று ஒரு படம் போடுங்கள். படிக்கத் தெரியாத ஆட்களும் எங்களிடம் வேலை பார்க்கிறார்கள், படம் இருந்தால் மெஷின் பெட்டியிலேயே ஒட்டி வைத்துவிடுவேன்.

அந்தத் தம்பி இன்னும் மெஷின் வாங்கவில்லை. பணத்தைக் கட்டித் தோட்டைத் திருப்பிவிட்டான். இந்தக் கோடை முடிகிற வரைக்கும் என்னோடு வந்து என் மெஷினைப் பிடிக்கிறேன் என்றான். நாளைக்குக் காலையில் அவனுக்கு அரம் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
கரிமூட்டத் தொழிலாளி ஒருவர்,
கமுதி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.